வாழ்நாள் உத்தரவாதம் என்றால் யாருடைய வாழ்நாள்?
வாகனப் பிரேக் திருத்த வேலையும் நுகர்வோர் உரிமையும் பற்றிய உரை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது, உள்ளங்கையில் அடங்கக்கூடியது. வாகனச் சில்லின் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பிரேக் பேட்டும், அதனை மாற்றித் தரும் திருத்தகங்கள் அதற்கு வழங்கும் ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்னும் வாக்குறுதியுமே அப்பொருள். டிக்ஸி வீதியிலும் டண்டாஸ் வீதியிலும் வாகனத்திற் செல்லும்போது இவ்வாறான வாசகம் எழுதிய பலகைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதைக் கண்டதும், ஒருமுறை பணம் கொடுத்தால் இனி ஆயுள் முழுவதும் பிரேக் செலவே இல்லை என்று எண்ணுவது இயல்பு. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்திற் பிழைக்கிறது என்பதை விளக்குவதே என் நோக்கம்.

குளிரூட்டி வேலை செய்யாவிட்டால் கண்ணாடியைத் திறந்துவிட்டுப் போகலாம். வானொலி பழுதானால் பேசாமல் ஓட்டலாம். பிரேக் அப்படியன்று. பெப்ரவரி மாதத்தில், பிள்ளைகளைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு, 403-ஆம் நெடுஞ்சாலையிற் செல்பவர் பிரேக் வேலையைத் தள்ளிப்போட முடியாது. திருத்தகத்தில் நிற்பவருக்கும் இது தெரியும். தள்ளிப்போட முடியாத வேலையில் பேரம் பேசும் வலிமை வாடிக்கையாளருக்குக் குறைவு. ஆகவேதான் வேறெந்தப் பாகத்தின் உத்தரவாதத்தையும் விட இதனை முன்கூட்டியே அறிந்து வைத்திருத்தல் நல்லது என்கிறேன்.

முதலில் பேட் என்றால் என்ன என்று பார்ப்போம். எஃகினாலான ஒரு பின்தகடு. அதன்மேல் ஒட்டப்பட்ட உராய்வுப் பொருள். நீங்கள் பெடலை மிதிக்கும்போது கலிப்பர் என்னும் கவ்வி, ஒவ்வொரு சில்லிலும் இரண்டு பேட்களை, ரோட்டர் என்னும் வட்டத் தகட்டின் இரு புறமும் நெரிக்கிறது. வாகனம் ஓடிய விசை வெப்பமாக மாறுகிறது, வாகனம் நிற்கிறது. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் உராய்வுப் பொருள் சிறிது தேய்கிறது. புதிய பேட்டில் அது பொதுவாக 10 முதல் 12 மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கும். 3 மில்லிமீற்றர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது என்பது தொழிலில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. பல பேட்களில் ஒரு சிறிய இரும்பு நாக்கு பொருத்தப்பட்டிருக்கும். பேட் மெலிந்ததும் அது ரோட்டரில் உரசிக் கீச்சிடும். அந்தச் சத்தத்தை அசட்டை செய்தால், அடுத்து இரும்போடு இரும்பு அரைபடும் ஓசை கேட்கும். அதன்பின் பேட்டோடு ரோட்டரும் போய்விடும்.

ஆக, பேட் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அதற்கு வாழ்நாள் உத்தரவாதம் தருவது பென்சிலுக்கு வாழ்நாள் உத்தரவாதம் தருவதைப் போன்றது. எந்த வணிகரும் நட்டப்படுவதற்காக அவ்வாறு வாக்களிப்பதில்லை. அப்படியானால் அந்த வாக்குறுதிக்குள் ஏதோ ஒரு கணக்கு இருக்க வேண்டும் அல்லவா?

அந்தக் கணக்கின் வரலாறு பழையது. 1956-இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்னும் நகரில் மைடாஸ் நிறுவனத்தின் முதலாவது புகைக்குழாய்த் திருத்தகம் திறக்கப்பட்டது. வாகனத்தின் புகைக்குழாய் அமைதிப்படுத்திக்கு, வாடிக்கையாளர் அந்த வாகனத்தை வைத்திருக்கும் காலம் வரை உத்தரவாதம் என்பதே அந்நிறுவனம் பெயர் பெற்றதற்கு ஒரு முக்கிய காரணம். இதில் மோசடி எதுவும் இல்லை, புத்திசாலித்தனம் இருந்தது. பலர் அந்தப் பாகம் இரண்டாம் முறை கெடுவதற்கு முன்னரே வாகனத்தை விற்றுவிடுவார்கள். சிலர் பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடுவார்கள். எஞ்சியவர்கள் இலவசப் பாகத்துக்காகத் திரும்பி வரும்போது வேறு வேலைகளையும் அங்கேயே செய்துகொள்வார்கள். பின்னாளில் இதே முறை பிரேக் பேட்டுக்கும் வந்தது. பெரிய சங்கிலித் திருத்தகங்களும் தனிக் கராஜ்களும் உதிரிப்பாகக் கடைகளும் அதனைக் கைக்கொண்டன.

‘வாழ்நாள்’ என்ற சொல்லின் மயக்கத்தை அமெரிக்க அரசே கவனிக்க வேண்டியதாயிற்று. அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 1985-இல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டி ஒன்றில், வாழ்நாள் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்பவர், அது எதனுடைய வாழ்நாள் என்பதையும் வாசிப்பவருக்குத் தெளிவாகப் புரியும்படி கூற வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கு அவர்கள் காட்டிய உதாரணமும் வாகனப் புகைக்குழாய் அமைதிப்படுத்தியே. அந்த வழிகாட்டி கனடாவில் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அது எழுப்பும் கேள்வியை நாமும் எழுப்பலாம்: யாருடைய வாழ்நாள்?

விடைகள் பலவகைப்படும். வாகனத்தின் வாழ்நாள் என்று சில திருத்தகங்கள் கூறும். முதலில் பணம் கொடுத்தவர் அந்த வாகனத்துக்கு உரிமையாளராக இருக்கும் காலம் என்று பல கூறும். இதுவே பரவலாகக் காணப்படுவது. அவ்வகையில், தந்தையார் பெயரில் இருந்த வாகனத்தை மகனின் பெயருக்கு மாற்றினால் உத்தரவாதம் அங்கேயே முடிந்துவிடக்கூடும். நம் குடும்பங்களில் இது அடிக்கடி நிகழ்வது. மகள் பல்கலைக்கழகம் போகிறாள் என்று பழைய கொரோலாவை அவள் பெயருக்கு எழுதிவிடுகிறோம். அந்த நாளோடு உத்தரவாதத்தையும் கைவிட்டோம் என்பது நினைவில் வராது. மூன்றாவது வகை ‘பாகத்தின் வாழ்நாள்’. இது நகைப்புக்கு இடமானது. பேட்டின் வாழ்நாள் என்பது பேட் தேயும் வரை, தேய்ந்ததும் வாழ்நாள் முடிந்தது, உத்தரவாதமும் முடிந்தது!

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. உத்தரவாதம் தேய்மானத்துக்கா, குறைபாட்டுக்கா? குறைபாடு என்பது உராய்வுப் பொருள் பின்தகட்டிலிருந்து கழன்று விழுதல், வெடித்தல் போன்ற உற்பத்திப் பிழைகள். உதிரிப்பாகக் கடைகளில் பெட்டியின்மேல் எழுதியிருக்கும் வாழ்நாள் உத்தரவாதங்களிற் சில குறைபாட்டுக்கு மட்டுமே உரியவை. இயல்பான தேய்மானம் சேராது என்று சிறிய எழுத்தில் இருக்கும். வேறு சில தேய்மானத்துக்கும் மாற்றித் தரும். பேட் அரிதாகவே குறைபாட்டாற் கெடுகிறது. எப்போதும் தேய்மானத்தாலேயே முடிகிறது. ஆகையால் இந்த ஒரு கேள்விக்கான விடையிலேயே அந்த உத்தரவாதத்தின் பெறுமதி அனைத்தும் தங்கியிருக்கிறது. திருத்தகத்தில் நீங்கள் ஒரேயொரு கேள்விதான் கேட்கலாம் என்றால் இதையே கேளுங்கள்: “பேட் வழக்கம்போல் தேய்ந்து முடிந்தால் புதியது இலவசமாகத் தருவீர்களா? அதை எழுதித் தருவீர்களா?”

தேய்மானத்துக்கும் உத்தரவாதம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். இலவசமாவது எது? பேட் மட்டும். அதனைப் பொருத்தும் கூலி இலவசமன்று. ரோட்டர் இலவசமன்று. பேட்டைத் தாங்கும் கம்பிகள், தகடுகள், பிரேக் எண்ணெய் எவையும் இலவசமல்ல. பல உத்தரவாதங்களில் மேலும் ஒரு நிபந்தனை இருக்கிறது: பிரேக் அமைப்பை முழுமையாகப் பரிசோதித்து, திருத்தகம் தேவை என்று கூறும் ஏனைய வேலைகளையும் வாடிக்கையாளர் தம் செலவிற் செய்தாலே இலவசப் பேட் வழங்கப்படும். இந்த நிபந்தனைக்கு நியாயமான பக்கமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வளைந்துபோன ரோட்டரில் புதுப் பேட்டைப் பொருத்தி அனுப்புவது பொறுப்பான மெக்கானிக் செய்யும் வேலையன்று. ஆனால் எது தேவை என்று தீர்மானிப்பவரும் அதற்கு விலை சொல்பவரும் ஒருவரே என்பதை நாம் மறக்கலாகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். சந்தை விலை அல்ல. ஒரு திருத்தகத்தில் முன்சில்லுகள் இரண்டுக்குமான பேட் 90 டொலர், கூலி 150, ரோட்டர் இரண்டும் 190, சிறு பாகங்கள் 30 என்று கொள்வோம். மொத்தம் 460. வாழ்நாள் உத்தரவாதத்தின்படி பேட்டின் 90 டொலர் கழிந்தால் 370. அதன்மேல் 13 வீத விற்பனை வரி சேர்ந்தால் 418 டொலரும் 10 சதமும். ‘இலவசப் பேட்’டுக்கு நீங்கள் கொடுப்பது இத்தொகை. அடுத்த தெருவில் உத்தரவாதம் பற்றிப் பெரிதாகப் பேசாத வேறொருவர் பேட்டுக்கு 60, கூலிக்கு 110, ரோட்டருக்கு 150, சிறு பாகங்களுக்கு 20 என்று 340 டொலர் கேட்டால், வரியோடு 384 டொலரும் 20 சதமும் ஆகும். இலவசத்தை விட விலை கொடுத்து வாங்குவது மலிவு! எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் கூறவில்லை. நேர்மையான விலையோடு வாழ்நாள் உத்தரவாதமும் தரும் திருத்தகங்கள் உண்டு. பேட்டின் விலையை மட்டும் பாராமல் முழு வேலையின் விலையைப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இனி நமது ஊரின் தனித்தன்மையைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஓடும் வாகனத்தின் பேட் தேய்ந்து முடிகிறது. மிசிசாகாவில் ஓடும் வாகனத்தின் பேட் தேய்வதற்கு முன்னரே துருப்பிடித்துக் கெடுவது உண்டு. பனிக்காலத்தில் வீதிகளில் இடப்படும் உப்பு, கலிப்பர் நகர்வதற்கு உதவும் ஊசிகளை இறுகச் செய்கிறது. இறுகினால் உட்புறப் பேட் ரோட்டரை விட்டு விலகாமல் ஒட்டியே நின்று, வெளிப்புறப் பேட்டை விட விரைவில் தேய்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெளிப்புறப் பேட் மட்டுமே தெரியும். இன்னும் 7 மில்லிமீற்றர் இருக்கிறது என்று நிம்மதியாகப் போய்விடுவார். சில வேளைகளில் பின்தகட்டுக்கும் உராய்வுப் பொருளுக்கும் இடையில் துரு வளர்ந்து, உராய்வுப் பொருளைத் தகட்டிலிருந்து பெயர்த்தெடுக்கும். துருவினால் ஏற்படும் சேதம் உத்தரவாதத்திற் சேருமா, சேராதா என்பதை நம் ஊரில் தனியே கேட்டறிய வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை, பனிக்கால ரயர் மாற்றும் வேளையில், கலிப்பர் ஊசிகளைக் கழற்றித் துடைத்து, உரிய கிறீஸ் பூசிப் பொருத்தச் சொல்லுங்கள். வாழ்நாள் உத்தரவாதம் தரும் நன்மையை விட இந்தச் சிறு பராமரிப்புத் தரும் நன்மை பல வாகனங்களுக்கு அதிகம். குறிப்பாக ஹைபிரிட் வாகனமும் மின்வாகனமும் வைத்திருப்போர் கவனிக்க வேண்டும். அவற்றின் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்கலத்தை நிரப்புவதால் பேட்டுக்கு வேலை குறைவு, தேய்மானமும் குறைவு. ஆனால் பயன்படாத ரோட்டரில் துரு ஏறும். அவ்வாகனத்துக்கு வாழ்நாள் பேட் உத்தரவாதம் வாங்குவதாற் பெரும் பயன் இல்லை. மூன்று, நான்கு ஆண்டுக் குத்தகையில் வாகனம் எடுத்தவர்களுக்கும் அப்படியே. வாகனத்தைத் திருப்பிக் கொடுத்ததும் வாழ்நாள் முடிந்துவிடும்.

இதுவரை பேசியது திருத்தகம் தானாக விரும்பித் தரும் உத்தரவாதம். அதற்குக் கீழே, யாரும் விளம்பரம் செய்யாத வேறோர் உத்தரவாதம் இருக்கிறது. அதை உங்களுக்குத் தந்திருப்பது ஒன்ராறியோவின் 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2005 ஜூலை இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. வாகனத் திருத்தத்துக்கென்றே அச்சட்டத்தில் தனிப் பகுதி உண்டு. திருத்தகம் பொருத்தும் புதிய பாகங்களுக்கும், புதுப்பிக்கப்பட்ட பாகங்களுக்கும், அவற்றைப் பொருத்திய கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு என்று அது விதிக்கிறது. கவனியுங்கள்: வாழ்நாள் உத்தரவாதத்திற் சேராத கூலி இதிற் சேர்கிறது. ரோட்டரும் கலிப்பரும் சேர்கின்றன. திருத்தகம் எழுதித் தராவிட்டாலும் இது உண்டு. “எங்களிடம் உத்தரவாதம் எதுவும் இல்லை” என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தாலும் உண்டு. ஏனெனில் சட்டம் தந்த உரிமையை ஓர் ஒப்பந்தத்தால் நீக்க முடியாது.

அந்தக் காலத்துக்குள், செய்த வேலையின் குறையால் வாகனம் ஓட முடியாத நிலைக்கோ ஆபத்தான நிலைக்கோ வந்து, முதலில் திருத்தியவரிடம் கொண்டுபோவது நியாயமாகச் சாத்தியப்படாவிட்டால், அருகிலுள்ள வேறு திருத்தகத்திற் செய்துகொள்ளலாம். உதாரணமாக, நயாகரா போகும் வழியில் பிரேக் கெட்டால் மிசிசாகாவுக்கு ஓட்டி வர வேண்டியதில்லை. முதல் வேலைக்குக் கொடுத்த தொகையையும், வாகனத்தை இழுத்துச் சென்ற நியாயமான செலவையும் முதலில் திருத்தியவரிடம் கோர உரிமை உண்டு. கழற்றிய பாகங்களை வைத்திருங்கள். அவர் கேட்டால், அவர் செலவில், திருப்பித் தர வேண்டும். பாகத்தை நீங்கள் முறைகேடாகப் பயன்படுத்தியிருந்தால் உரிமை இல்லை. ஆனால் முறைகேடு என்று வெறுமனே சொல்லித் தட்டிக்கழிக்கவும் இயலாது. அவ்வாறு நம்ப நியாயமான காரணம் அவரிடம் இருக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் எழுத்தில் விலைமதிப்பீடு தரவேண்டும். இறுதித் தொகை அந்த மதிப்பீட்டை விட 10 வீதத்துக்கு மேற் கூடலாகாது. 400 டொலர் என்று எழுதினால் 440-க்கு மேல் கேட்க முடியாது. மதிப்பீடு வேண்டாம் என்று கூறி, ‘இத்தொகைக்கு மேற் போகக்கூடாது’ என்று உச்ச வரம்பு சொல்லியிருந்தால், அதற்கு மேல் ஒரு சதமும் கேட்க முடியாது. தொலைபேசியிற் கூப்பிட்டு “ரோட்டரும் மாற்ற வேண்டும், சம்மதமா?” என்று கேட்டால், யார் சம்மதித்தார், எந்நாள், எந்நேரம் என்பவற்றைத் திருத்தகம் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு மூத்த தாயாரைப் பற்றிச் சொல்கிறேன். வாழ்நாள் உத்தரவாதத்தை நம்பி இலவசப் பேட் மாற்றப் போனார். இரண்டு கலிப்பரும் போய்விட்டன, அவற்றை மாற்றாவிட்டால் பேட் தர முடியாது என்றார்கள். ஆங்கிலத்தில் விவாதிக்க அவருக்குத் தயக்கம். மகன் வேலையில் இருந்தார், தொலைபேசி எடுக்கவில்லை. கையொப்பமிட்டுவிட்டார். உண்மையிற் கலிப்பர் கெட்டிருந்ததா, இல்லையா என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் பழைய பாகங்களை அவர் கேட்டு வாங்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு அவ்வுரிமை இருக்கிறது என்று எவரும் சொல்லவில்லை.

அந்த உரிமையை இங்கே சொல்லிவிடுகிறேன். கழற்றிய பழைய பாகங்களை உங்களிடம் திருப்பித் தருவதாகத் திருத்தகம் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று நீங்கள் கூறாவிட்டால் தந்தேயாக வேண்டும். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டணம் வாங்காமல் மாற்றிய பாகத்துக்கு இந்த விதி பொருந்தாது. ஆகவே இலவசமாக மாற்றிய பேட்டைத் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லாமற் போகலாம். பணம் கொடுத்து மாற்றிய கலிப்பரைக் கேட்கும் உரிமை உண்டு. பேட் விடயத்திற் செய்யக்கூடியது, கழற்றும்போதே அதன் தடிப்பை அளந்து காட்டச் சொல்வது, கைத்தொலைபேசியிற் படமெடுத்துக்கொள்வது. நேர்மையான மெக்கானிக் எவரும் இதற்குச் சினங்கொள்ளமாட்டார். பலர் தாமாகவே அழைத்துச் சென்று காட்டுவார்கள். தேவையில்லாத பாகத்தைத் தேவை என்று கூறி மாற்றச் செய்வது சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. அவ்வாறு நிகழ்ந்திருந்தால் ஒப்பந்தம் செய்த ஓராண்டுக்குள் அதனை இரத்துச் செய்யும்படி கோரலாம்.

அடுத்து நம்மவர்கள் சற்று மனம்விட்டுச் சிந்திக்க வேண்டிய விடயம் ஒன்று. “அண்ணை, காசாத் தந்தால் வரி இல்லை, பில்லும் தேவையில்லை” என்று சொல்லும் வழக்கம். தெரிந்த தம்பி, ஊர்க்காரர், கோயிலிற் காணும் முகம் என்று நாமும் தலையசைத்துவிடுகிறோம். 13 வீதம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் பற்றுச்சீட்டு இல்லாத இடத்தில் வேலை எந்த நாளிற் செய்யப்பட்டது, வாகனம் அப்போது எத்தனை கிலோமீற்றர் ஓடியிருந்தது, பொருத்தியது புதிய பாகமா பழையதா என்று எதுவும் நிறுவ முடியாது. சட்டம் தந்த 90 நாள் உத்தரவாதம் காகிதத்தில் இருக்கும். உங்கள் கையில் இராது. “அக்கா, லைஃப்டைம் வொரன்டி, யோசியாதேங்கோ” என்ற வாய்ச்சொல்லும் அப்படியே. தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் அடுத்த ஆண்டு கராஜை வேறொருவருக்கு விற்றுவிட்டுப் போனால், பெயர்ப்பலகை அதுவே இருந்தாலும், புதியவர் அந்த வாய்ச்சொல்லை ஏற்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. தனிக் கராஜின் வாழ்நாள் உத்தரவாதம் அந்தக் கராஜின் வாழ்நாளை விட நீளமானதன்று. சங்கிலி நிறுவனத்தின் உத்தரவாதத்துக்கு இந்த ஒரு விடயத்தில் மேன்மை உண்டு. வேறு கிளையிலும் ஏற்கப்படுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பற்றுச்சீட்டைப் பெற்றதும் படமெடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்டவை காலப்போக்கில் மங்கி வெறுந்தாளாகிவிடக்கூடும். வாழ்நாள் உத்தரவாதம் கோருவோரிடம் மூலப் பற்றுச்சீட்டைத்தான் முதலிற் கேட்பார்கள்.

பியர்சன் விமான நிலையம் நம் நகரத்துக்குள் இருப்பதால், வாடகை வாகனம் ஓட்டும் தமிழர் நம்மிடையே பலர். உணவு, பொதிகள் விநியோகிப்போரும் உளர். அவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். வாழ்நாள் உத்தரவாதங்கள் பெரும்பாலும் வணிகப் பயன்பாட்டிலுள்ள வாகனத்தை விலக்கிவைக்கின்றன. மேலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நுகர்வோர்’ என்று கொள்வது தனிப்பட்ட, குடும்ப, வீட்டுத் தேவைக்காகச் செயற்படுவோரையே. தொழிலுக்காகச் செயற்படுவோரை அன்று. வாகனத்தாற் பிழைப்பு நடத்துபவருக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே முக்கிய காவல். ஆகவே மற்றையோரை விட அவர்கள் கூடுதலாக எழுதி வாங்க வேண்டும்.

பிணக்கு வந்தால் என்ன செய்வது? முதலில் வாகனத்தைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டு வாருங்கள். உத்தரவாதம் பற்றிய வாதம் முடியட்டும் என்று தேய்ந்த பிரேக்கோடு இரண்டு வாரம் ஓட்டுவது வேண்டாம். பேட் இரும்பு வரை தேய்ந்தபின் கொண்டுவந்தால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனையும் பல தாள்களில் உண்டு.

பணம் கொடுக்க மறுத்து வாகனத்தை எடுத்துக்கொண்டு வரலாம் என்று எண்ணாதீர்கள். வேலைக்கான தொகை கிடைக்கும் வரை வாகனத்தைத் தடுத்து வைத்திருக்கும் உரிமையைத் திருத்துநர்க்கு ஒன்ராறியோவில் தனிச் சட்டம் ஒன்று தந்திருக்கிறது. தொகையிற் பிணக்கு இருந்தால், அதனை நீதிமன்றத்திற் கட்டி வாகனத்தை விடுவிக்கும் வழியும் அதே சட்டத்தில் உண்டு. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்க்கு அது நடைமுறையிற் கடினம். பலர் செய்வது, ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பற்றுச்சீட்டில் எழுதிவிட்டுப் பணத்தைக் கட்டி, பின்னர் முறையிடுவது. கடனட்டையிற் கட்டினால் அதற்கோர் எழுத்துச் சான்றும் இருக்கும்.

பின்னர் திருத்தகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். நடந்தது என்ன, எந்த வாக்குறுதி மீறப்பட்டது, நீங்கள் கேட்பது எவ்வளவு, எத்தனை நாளுக்குள் என்று நான்கு வரியிற் கூறினாற் போதும். மின்னஞ்சலும் கடிதமே. ‘வாழ்நாள்’ என்பதற்கு விளக்கம் எதுவும் பற்றுச்சீட்டில் இல்லை என்றால், சட்டத்தின் ஒரு விதியைச் சுட்டிக்காட்டலாம்: நுகர்வோர் ஒப்பந்தத்தில் நியாயமாக இரண்டு பொருள்படும் சொல் இருந்தால், நுகர்வோருக்கு நன்மை தரும் பொருளையே கொள்ள வேண்டும். அச்சொல்லைப் பலகையில் எழுதியவர் விளக்காமல் விட்டது உங்கள் குற்றமன்று.

பதில் வராவிட்டால் மாகாண அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு முறையிடலாம். கட்டணமற்ற எண் 1-800-889-9768. ரொறன்ரோப் பெரும்பாகத்துக்கு 416-326-8800. நகரசபைக்கு எழுதுவோர் பலர். இவ்வகை ஒப்பந்தப் பிணக்கு மாகாணத்துக்கு உரியது. நகரசபை தீர்ப்பளிக்க இயலாது. வாகன விற்பனையாளரைக் கண்காணிக்கும் ஓம்விக் என்னும் அமைப்பும் திருத்தகத்தின் வேலைக்குப் பொறுப்பன்று. பொய்யான உத்தரவாத விளம்பரம் என்றால், கனடிய மத்திய அரசின் போட்டிப் பணியகத்துக்கும் தெரிவிக்கலாம். நிறைவேற்றும் எண்ணமோ வாய்ப்போ இல்லாத உத்தரவாதத்தை விளம்பரம் செய்வதைப் போட்டிச் சட்டம் தடுக்கிறது.

இறுதி வழி சிறு கோரிக்கை நீதிமன்றம். பீல் பிராந்தியத்துக்குரியது பிரம்ரனில், 7755 ஹுரொன்ராறியோ வீதியில் உள்ளது. 2025 ஒக்ரோபர் முதல் அங்கு 50,000 டொலர் வரை கோரலாம். பிரேக் வழக்கு எதுவும் அந்த எல்லையை அண்டாது. சட்டத்தரணி கட்டாயமில்லை. பொதுவாக, இழப்பை அறிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். 200 டொலருக்காக நீதிமன்றம் போவது தகுமா என்பது அவரவர் தீர்மானம். கடிதத்தில் நீதிமன்றத்தின் பெயரைக் கண்டதும் தீர்ந்துவிடும் பிணக்குகளும் உண்டு.

ஒரு திருத்தகத்துக்கு முதன்முறை செல்லுமுன், வேலை செய்பவர் உரிமம் பெற்றவரா என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஒன்ராறியோவில் வாகனத் திருத்தம், 310 எஸ் என்று குறிக்கப்படும் கட்டாயச் சான்றிதழ்த் தொழில். ‘ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ’ அமைப்பின் பொதுப் பதிவேட்டில் இணையம் வழியாகப் பெயரைத் தேடலாம்; வீட்டிற் கணினி இல்லாதோர் அண்மையிலுள்ள நகர நூலகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கிலத்திற் பேசத் தயங்குவோர் 2-1-1 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் என்று கூறினால், மொழிபெயர்ப்பாளர் துணையோடு எந்த அலுவலகத்தை நாடலாம் என்று சொல்வார்கள்.

பற்றுச்சீட்டையோ உத்தரவாதத் தாளையோ இங்கு கொண்டு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். அவற்றின் சிறிய எழுத்துகளை ஒன்றாக வாசிப்போம்.